‘ஏனையோர்’ பாடும் மஞ்சா

இலங்கையில் வாழும் ஆபிரிக்க வழித்தோன்றல்களைப் பற்றித் தமிழில் வந்த எழுத்து கொஞ்சம். வந்ததும் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது. புத்தளத்துக்குப் பக்கத்தில் சிராம்பியடி என்றொரு கிராமம். அங்கே சுருட்டை முடியோடு சில குடும்பங்கள். கொண்டாட்டங்களில் அவர்கள் பாடி ஆடும் மஞ்சா. இன்னும் ஒரு தலைமுறையில் எல்லாம் அழிந்துவிடும் என்ற பெருமூச்சு. இரண்டு படங்களோடு ஞாயிறு இதழில் வரும். வாசித்துவிட்டு, ‘அப்படியா, எங்கட நாட்டில இப்படியும் ஆக்கள் இருக்காங்களா’ என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம்.

இவற்றில் உள்ள தகவல்கள் பிழை என்று நான் சொல்ல வரவில்லை. எழுதுகிறவர்கள் பாடுகிறவரின் முகத்தைப் பார்க்கிறார்கள், பாட்டைக் கேட்பதில்லை என்பதே என் குறை. ஒரு சமூகத்தின் கைவசம் இருக்கும் ஒரே ஆவணம் பாட்டு என்றால், அந்தப் பாட்டை வேடிக்கையாகப் பார்ப்பது அந்தச் சமூகத்தின் ஆவணத்தைக் கிழிப்பதற்குச் சமம். இதை ஒரு முஸ்லிம் ஆய்விதழில் ஏன் பேசவேண்டும் என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கான பதில் அந்த மக்களின் பெயரிலிருந்தே தொடங்குகிறது.

எங்களிடமிருந்து போன பெயர்

காப்பிரி என்ற சொல் போர்த்துக்கேயரின் ‘காஃப்ரே’ என்பதன் வழியே இங்கு வந்தது. போர்த்துக்கேயர் அதை அறபுக் கடலோடிகளிடமிருந்து எடுத்தார்கள். கிழக்காபிரிக்கக் கரையில் வணிகம் செய்த முஸ்லிம்கள், உள்நாட்டில் இஸ்லாத்தைத் தழுவாமல் வாழ்ந்த மக்களைக் காஃபிர்கள் என்றார்கள். மார்க்கத்தைக் குறித்த சொல் போர்த்துக்கேயர் வாயில் நிறத்தைக் குறிக்கும் சொல்லாயிற்று. தென்னாபிரிக்காவில் இன்று அது நாவால் சொல்லக்கூடாத ஏச்சு. இலங்கையில் அந்த மக்களே தங்களைக் காப்பிரிகள் என்று கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தப் பெயரைச் சுமப்பவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர் என்பது வரலாற்றின் இன்னொரு திருப்பம்.

அக்கரையில் இதே சொல் வேறு உருவம் எடுத்தது. கொச்சி மட்டாஞ்சேரியில் ‘காப்பிரி முத்தப்பன்’ என்று ஒரு காவல் ஆவி உண்டு. ஒல்லாந்தர் 1663இல் கொச்சியைப் பிடித்தபோது, போர்த்துக்கேயர் தங்கள் செல்வத்தைப் புதைத்து, அதற்குக் காவலாக ஆபிரிக்க அடிமைகளையும் கொன்று புதைத்தார்கள் என்பது அங்குள்ள கதை. அந்த ஆவிக்கு மக்கள் சுருட்டும் கள்ளும் வைக்கிறார்கள். குஜராத்தில் சித்திகள் என்ற பெயரில் வாழும் ஆபிரிக்க வழியினரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ரத்தன்பூரில் உள்ள பாவா கோர் தர்கா அவர்களின் மையம். ஹஸ்ரத் பிலால் (ரழி) அவர்களைத் தங்கள் மூதாதையராக நினைவுகூர்வார்கள். தக்காணத்தில் அகமத்நகர் அரசை முகலாயருக்கு எதிராக நிலைநிறுத்திய மலிக் அம்பர் அடிமையாக விற்கப்பட்ட ஹபஷி. ஆக, ஒரே கடலில் கொண்டுவரப்பட்ட மக்கள் ஓரிடத்தில் தளபதி, ஓரிடத்தில் தர்கா முரீது, ஓரிடத்தில் காவல் ஆவி. எங்கட நாட்டில் மட்டும் ‘ஞாயிறு இதழ்ச் செய்தி’.

ஐந்நூறு ஹபஷிகள்

இப்னு பதூதா 1344இல் இலங்கைக்கு வந்தார். அவர் கரையிறங்கிய ‘பத்தாலா’ புத்தளம் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. அங்கே ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்ததையும், பின் பாவா ஆதம் மலைக்குப் போனதையும் நாங்கள் பாடசாலையிலேயே படித்திருக்கிறோம். இலங்கை முஸ்லிம்களின் பழமையைப் பேசும் கட்டுரை எதை எடுத்தாலும் இந்தப் பயணம் வராமல் இருக்காது.

அதே பயணக் குறிப்பில் கொழும்பைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. கடலின் அதிபதியாக ஜலஸ்தி என்ற அமைச்சர் அங்கே இருந்தார், அவரோடு ஏறக்குறைய ஐந்நூறு ஹபஷிகள் இருந்தார்கள் என்கிறார். இந்தியக் கரையில் தான் ஏறிய கப்பலிலும் ஐம்பது ஹபஷி வீரர்கள் காவலுக்கு இருந்ததாகவும், இந்தக் கடலின் பாதுகாப்பே அவர்கள் கையில்தான் என்றும் எழுதுகிறார். போர்த்துக்கேயர் வருவதற்கு நூற்றறுபது வருடத்துக்கு முன்னரே கொழும்பில் ஆபிரிக்கர் ஆயுதம் தாங்கி நின்றார்கள் என்பது எவ்வளவு பெரிய செய்தி! நான் வாசித்த எங்கட கட்டுரைகளில் பெரும்பாலானவை இந்த ஐந்நூறு பேரைத் தாண்டித்தான் போகின்றன. அந்த ஐந்நூறு பேரின் பேரப்பிள்ளைகள்தான் சிராம்பியடி மக்கள் என்று நான் சொல்லவில்லை. சிராம்பியடியின் வேர் போர்த்துக்கேயர் காலத்து அடிமை வணிகத்திலும் பிரித்தானியர் படையிலும் இருக்கிறது. எங்கள் கண் எதைப் பார்த்தது, எதை விட்டது என்பதே இங்கே கேள்வி.

ஏன் விட்டது? 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதித்துக் கட்டுரை படித்தார். சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனி உறுப்பினர் வேண்டுமா என்ற கேள்வி அப்போது மேசையில் இருந்தது. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸின் மறுப்பு 1907இல் நூலாக வந்தது. அந்த மறுப்பு அன்றைய அரசியலுக்கு அவசியமானது. ஆனால் அதன் நிழல் நீண்டுவிட்டது. அறபு மூதாதையரைத் தேடுவதே முஸ்லிம் வரலாற்றெழுத்தின் வேலை என்றாகிவிட்டது. அதே பாய்மரக் கப்பலில், அடித்தட்டில் வந்தவனுக்கு அந்தத் தேடலில் இடமில்லை. கப்பல் சொந்தக்காரனின் வம்சாவளி கிடைத்தால் போதும் என்று நின்றுவிட்டோம்.

ஒரே படை, இரண்டு கதைகள்

நான் தம்புள்ளையில் இருந்து எழுதுகிறேன். 1848 ஜூலை 26ஆம் திகதி கொங்காலேகொட பண்டா கண்டி அரசனாக முடிசூட்டப்பட்டது எங்கட ஊர் விகாரையில். அந்தக் கிளர்ச்சியை அடக்க வந்த பிரித்தானியப் படைகளில் சிலோன் ரைபிள் படையும் ஒன்று. கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த மலாயர்களும் ஆபிரிக்கர்களும் சேவை செய்த படை அது. இரண்டு கூட்டமும் ஒரே எசமானின் சம்பளத்தில், ஒரே சீருடையில், கண்டி மலைகளில் அலைந்தது. கொழும்பில் கொம்பனித்தெருவைச் சுற்றி இரண்டின் சுவடும் உண்டு. அந்த இடத்துக்கு ஆங்கிலத்தில் நெடுங்காலம் வழங்கிய பெயர் ‘அடிமைத் தீவு’. 1873இல் படை கலைக்கப்பட்டதும் இரண்டு கூட்டமும் நாட்டுக்குள் கரைந்தன.

கரைந்த விதம்தான் வேறு. மலாயரிடம் எழுத்து இருந்தது. படைமுகாமிலேயே ஜாவி எழுத்தில் ஹிக்காயத்துகளும் ஷாயிர்களும் பிரதி செய்தார்கள். 1869இல் பாபா யூனூஸ் சல்தீன் கொழும்பில் ‘ஆலாமத் லங்காபுரி’ என்ற மலாய்ப் பத்திரிகையை நடத்தினார். நூறு வருடத்துக்கும் மேல் கழித்து பி.ஏ. ஹுஸைன்மியா அந்தக் கையெழுத்துப் பிரதிகளைத் தேடியெடுத்து, 1987இலும் 1990இலும் இரு நூல்களாக அந்தச் சமூகத்தின் வரலாற்றை எழுதினார். இலங்கை முஸ்லிம் ஆய்வுலகம் பெருமைப்படவேண்டிய வேலை அது. குடிசனக் கணக்கெடுப்புப் படிவத்திலும் மலாயருக்குத் தனிக் கட்டம் உண்டு. பறங்கியருக்கு உண்டு, செட்டிக்கு உண்டு, பரதருக்கு உண்டு.

காப்பிரிகளிடம் பத்திரிகையும் இல்லை, பிரதியும் இல்லை. புத்தளத்தில் குடியமர்ந்த அவர்களுக்கு மிஞ்சியது மஞ்சா. கணக்கெடுப்பில் அவர்கள் ‘ஏனையோர்’. காகிதம் வைத்திருந்தவனுக்குக் கட்டம் கிடைத்தது, பாட்டு வைத்திருந்தவனுக்கு எச்சம் கிடைத்தது. ஹுஸைன்மியா மலாயருக்குச் செய்ததைக் காப்பிரிகளுக்கு யாராவது செய்யவேண்டுமானால் சுவடிக்கூடத்துக்கு மட்டும் போய்ப் பயனில்லை. பாட்டைச் சுவடியாக வாசிக்கப் பழகவேண்டும்.

பொருள் தொலைந்த பாட்டா?

அந்த வேலையைத் தொடங்கி வைத்தவர் ஷிஹான் டி சில்வா ஜயசூரிய. மொழியியல் தெரிந்தவர், போர்த்துக்கேயக் கிரியோலை நன்கு கற்றவர். 2001 முதல் தொடர்ச்சியாக எழுதிவருகிறார். பாடல்களைக் கேட்டு எழுத்தில் பதித்ததும், இந்தியப் பெருங்கடலின் மற்ற ஆபிரிக்கச் சமூகங்களோடு சேர்த்துப் பார்த்ததும் அவர் செய்த பெரிய உதவி. ஆனால் நூல்கள் ஆங்கிலத்தில், வெளிநாட்டுப் பதிப்பகங்களில். புத்தளத்தில் ஓர் ஆசிரியர் கையில் கிடைக்கும் விலையிலோ மொழியிலோ அவை இல்லை. இது அவர் குற்றமல்ல, மொழிபெயர்க்காத எங்கட குற்றம்.

எனக்குள்ள கருத்து வேறுபாடு கேள்வியைப் பற்றியது. இந்த ஆய்வுத்துறை முழுவதும் பொதுவாகக் கேட்பது, ‘ஆபிரிக்காவிலிருந்து என்ன மிஞ்சியிருக்கிறது?’ அமெரிக்கக் கண்டத்தின் கறுப்பின மக்களைப் பற்றியும் இதே விவாதம் நடந்தது. மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் 1941இல் ஆபிரிக்க எச்சங்களைப் பட்டியலிட்டு, ‘இவர்களுக்குக் கடந்த காலம் இல்லை’ என்ற பேச்சை உடைத்தார். 1976இல் சிட்னி மின்ட்ஸும் ரிச்சர்ட் பிரைசும் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள்: பல மொழி, பல குலம் பேசியவர்களை ஒரே கப்பலில் அடைத்துக் கொண்டுவந்தபோது, அவர்கள் புதிய இடத்தில் எதை உருவாக்கினார்கள்? மஞ்சாவுக்கு இந்த இரண்டாவது கேள்விதான் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

மஞ்சாவுக்குத் தாளம் போட எடுப்பது என்ன? கரண்டி, சிரட்டை, போத்தல், றபான். எல்லாம் அடுப்படியிலும் திண்ணையிலும் கிடைப்பவை. மெதுவாகத் தொடங்கி, சிறு சிறு அடிகளைத் திரும்பத் திரும்பச் சொல்லி, தாளம் ஏற ஏற ஆட்டமும் ஏறும். மொழி போர்த்துக்கேயக் கிரியோல். இதே மொழிக் குடும்பத்தை மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பறங்கியர் பேசுகிறார்கள். மட்டக்களப்புக் கிரியோலை ஆராய்ந்த மொழியியலாளர்கள் காட்டிய ஒன்று எங்களுக்கு முக்கியமானது. அதில் சொற்கள் போர்த்துக்கேயம், வாக்கிய ஓட்டம் தமிழ். வினை கடைசியில் வருகிறது. ஆட்டுவித்தவனின் சொல்லை எடுத்து அயலவனின் இலக்கணத்தில் கோத்த மொழி அது. இதில் ஆபிரிக்காவை மட்டும் தேடினால் இலங்கையைத் தவறவிடுவோம்.

இலங்கையும் அவர்களிடம் வாங்கிக்கொண்டது. ‘கஃப்ரிஞ்ஞா’ என்ற ஆட்ட இசையின் பெயரிலேயே காப்பிரி இருக்கிறான். அதன் ஆறெட்டுத் தாளத்தைச் சிங்களப் பாட்டுக்குள் கொண்டுவந்து பைலாவாக்கியவர் வொலி பஸ்தியான். அந்தத் தாளத்தைத் தமிழகத் தெருக்கள் வரை கொண்டுபோனவர் சிலோன் மனோகர். பஸ்ஸில், சுற்றுலாவில், கலியாண வீட்டில் எங்கட பிள்ளைகளும் கைதட்டுகிறார்கள். தாளம் ‘தேசியம்’ ஆயிற்று, தாளத்தைத் தந்தவன் ‘ஏனையோர்’ ஆனான்.

இனி, எல்லாக் கட்டுரையிலும் வரும் அந்த இரங்கல்: ‘பாடுகிறவர்களுக்கே பாட்டின் பொருள் முழுதாகத் தெரியாது.’ இன்று அவர்கள் வீட்டில் பேசுவது சிங்களம். கிரியோல் பாட்டில் மட்டும் நிற்கிறது. இதைக் கேட்டவுடன் ‘ஐயோ, பொருள் தொலைந்துவிட்டதே’ என்கிறோம். முஸ்லிம் வாசகர் இங்கே ஒரு நிமிடம் நிற்கவேண்டும். ரபீஉல் அவ்வல் மாதத்தில் சுப்ஹான மௌலிது ஓதிய எங்கட மூத்தவாப்பாமார் எத்தனை பேருக்கு வரிக்கு வரி அறபு தெரியும்? மௌலிது ஓதலாமா கூடாதா என்ற சண்டை வேறு, அதை இங்கே இழுக்கவில்லை. ஓதும்போது குரல் எங்கே உயரும், எங்கே எழுந்து நிற்பது, யார் முதலில் எடுத்துக்கொடுப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது பொருள் இல்லாத சத்தம் என்று நாங்கள் ஒருநாளும் சொல்லமாட்டோம். சொல்லின் அகராதிப் பொருள் ஒன்று. எப்போது, யாரோடு, எந்த ஒழுங்கில் சொல்வது என்பதில் இருக்கும் பொருள் இன்னொன்று. எங்களுக்குக் கொடுத்துக்கொள்ளும் அந்த இரண்டாவது பொருளை மஞ்சாவுக்கு ஏன் மறுக்கிறோம்?

கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்களின் கவிகளுக்கு நடந்ததும் நினைவில் இருக்கவேண்டும். வயல்காட்டிலும் முற்றத்திலும் உம்மாமார் சொன்ன கவிகளை ‘படிப்பறிவில்லாதவங்கட பேச்சு’ என்று ஒதுக்கிய காலம் இருந்தது. எஸ். முத்துமீரான் போன்றவர்கள் ஊர் ஊராய்ப் போய்க் கேட்டு எழுதியிராவிட்டால் அவை மௌத்தாகியிருக்கும். இன்று அவற்றை இலக்கியம் என்கிறோம். கேட்டு எழுத ஆள் கிடைத்தது என்பதுதான் வித்தியாசம்.

மழைநாட்டுச் சாட்சி

பாட்டு ஓர் ஆவணமாக முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்குத் தென்னமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. கொலம்பியாவின் பசிபிக் கரையில் சொக்கோ என்ற மாநிலம். உலகிலேயே மழை கூடிய இடங்களில் ஒன்று. தலைநகர் கிப்தோவில் வருடத்துக்கு 7,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும். புத்தளத்து உப்பளக்காரருக்கு அது கனவிலும் வராத மழை. அங்கே பெரும்பான்மையினர் ஆபிரிக்க வழித்தோன்றல்கள். ஸ்பானியர் தங்கம் அரிக்கக் கொண்டுவந்த அடிமைகளின் சந்ததி. ஆற்றோரம் கால் நட்டுக் கட்டிய மர வீடு, போக்குவரத்துக்கு வள்ளம், மீனும் வாழைக்காயும் சாப்பாடு. இலங்கையில் அடிமைமுறை 1844இல் சட்டத்தால் ஒழிந்தது, அங்கே 1851இல். ஏழு வருட வித்தியாசம்தான்.

அவர்களின் மரணவீட்டுப் பாட்டுக்கு ‘அலபாவோ’ என்று பெயர். வாத்தியம் இல்லாமல், பெரும்பாலும் பெண்கள், ஒன்பது இரவுகள் பாடுவார்கள். ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் தொடர்வார்கள். மூன்றாம் கத்தம், ஏழாம் கத்தம், நாற்பதாம் கத்தம் என்று வளர்ந்தவர்களுக்கு அந்த இரவுகள் அந்நியமாக இராது. மஞ்சா போலவே இதிலும் மொழி எசமானுடையது, குரல் இவர்களுடையது. கரையின் தெற்கே பனையினப் பலகையையும் மூங்கில் குழாயையும் கோத்து ‘மரிம்பா’ செய்கிறார்கள். அந்த இசையை 2010இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

பட்டியலை விட முக்கியமானது சட்டம். 1991இல் வந்த புதிய அரசியலமைப்பைத் தொடர்ந்து, 1993இல் கொலம்பியா ‘சட்டம் 70’ஐ நிறைவேற்றியது. தனக்கென்று பண்பாடும் பகிர்ந்த வரலாறும் வழக்கங்களும் உள்ள மக்கள் கூட்டம் என்று கறுப்பினச் சமூகத்தை அது வரையறுத்தது. பசிபிக் ஆற்றங்கரை நிலங்களை அவர்களின் சபைகளுக்குக் கூட்டுரிமையாக்கவும் வழி செய்தது. தலைமுறை தலைமுறையாக எழுத்தில் உறுதி இல்லாமல் வாழ்ந்தவர்களுக்கு, வாழ்ந்த முறையே உறுதியாயிற்று. இதற்குப் பின்னால் ஆய்வெழுத்தும் இருந்தது. 1984இல் நீனா டி ஃப்ரீடமன் என்ற மானிடவியலாளர், தன் நாட்டு ஆய்வுலகமே கறுப்பின மக்களைக் கண்ணுக்குத் தெரியாதவர்களாக ஆக்கியிருக்கிறது என்று குற்றம் சாட்டினார். சொக்கோவில் பிறந்த ஆர்னல்டோ பலாசியோஸ், 1948 ஏப்ரல் கலவரத் தீயில் தன் நாவலின் கையெழுத்துப் பிரதி எரிந்துபோக, திரும்ப எழுதி 1949இல் வெளியிட்டார். வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் எழுத்து வந்தது.

சட்டம் வந்ததும் சொர்க்கம் வந்துவிடவில்லை. 2002 மே 2ஆம் திகதி, பொஹாயாவில் ஆயுதக் குழுக்களின் சண்டைக்குப் பயந்து தேவாலயத்துக்குள் ஒதுங்கியிருந்த மக்கள் மேல் குண்டு விழுந்து, குழந்தைகள் உட்படப் பல பத்துப் பேர் இறந்தார்கள். ஊர் இடம்பெயர்ந்தது. அந்தப் பெண்கள் பழைய அலபாவோ மெட்டில் அந்த நாளைப் பற்றிப் புதிய அடிகள் கட்டினார்கள். 2016 செப்டெம்பரில் கார்த்தஹேனாவில் சமாதான ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, அரச தலைவர்கள் முன்னால் நின்று பாடினார்கள். மையித்து வீட்டுப் பாட்டு நாட்டின் முன் சாட்சியமாயிற்று.

செய்ய வேண்டியது

2012 ஏப்ரலில் தம்புள்ளைப் பள்ளிவாசல் தாக்கப்பட்ட பிறகு நாட்கணக்கில் நடந்த விவாதம் எதைப் பற்றி? இந்தப் பள்ளி எத்தனை வருடப் பழமை, உறுதி இருக்கிறதா, நீங்க எப்ப வந்தவங்க? காகிதம் தேடி ஓடினோம். தொழுதவர்களின் தலைமுறைகளே ஒரு சான்று என்று நாங்கள் சொன்னது எடுபடவில்லை. வாழ்ந்த முறையைச் சான்றாக ஏற்கச் சொல்லிக் கேட்ட சமூகம், இன்னொரு சமூகத்தின் வாழ்ந்த முறையை வேடிக்கை என்று எழுதலாமா? புத்தளத்துக்கும் இது பொருந்தும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களை வாங்கிக்கொண்ட மண் அது. வந்தேறி என்ற சொல்லின் பாரம் அங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஆகவே மூன்று விசயங்களை முன்வைக்கிறேன். முதலாவது, மஞ்சாப் பாடல்களை எல்லா வடிவபேதங்களோடும் ஒலியில் பதிந்து, பாடுகிறவரே சொல்லும் விளக்கத்தோடு தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடவேண்டும். ‘இந்தச் சொல்லுக்குப் பொருள் தெரியாது, ஆனால் இதை இந்த நேரத்தில்தான் பாடுவோம்’ என்பதும் விளக்கமே. இரண்டாவது, ஜயசூரியவின் ஆய்வுகளில் ஒன்றையாவது தமிழுக்குக் கொண்டுவரவேண்டும். ம.மு. உவைஸ் இஸ்லாமியத் தமிழிலக்கியத்தை ஒவ்வொன்றாகத் தேடிப் பட்டியலிட்ட மரபு எங்களிடம் உண்டு. அந்தப் பொறுமை அயலவருக்கும் உதவட்டும். மூன்றாவது, அவர்களைப் பற்றி நாங்கள் எழுதும் காலம் போதும். புத்தளத்துப் பாடசாலைகளில் அவர்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள். சிங்களத்தில் எழுதினாலும் சரி, வாயால் சொன்னாலும் சரி, அவர்களே சொல்வதை வாங்கி மொழிபெயர்த்துப் போட ஒரு முஸ்லிம் சஞ்சிகையால் முடியும்.

அப்படி ஒரு பக்கம் வந்தால், அவர்களைப் பற்றிய கட்டுரைக்கு முதல் தடவையாக விமர்சனம் எழுதலாம். இப்போது இருப்பது கட்டுரைகள் கூட இல்லை, படத்துக்குக் கீழே எழுதும் குறிப்புகள். இந்த இதழின் அடுத்த ஆய்வுப் பகுதியில் அந்தப் பக்கத்தை ஒதுக்கும்படி ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.